விராலுக்கு ரப்பர் தவளை: தேர்வு, திருத்தம், வீச்சு

தூண்டில் நரம்பின் நுனியில் கட்டி வீசும் போலி இரையான ரப்பர் தவளையை விரால் அடிக்க வைப்பது பெரிய வித்தையில்லை. விடிகாலையில் அல்லி இலைகளுக்கு நடுவே அதைத் துள்ளவிட்டால் பசியோடு இருக்கும் மீன் தானாகவே வரும். அடித்த மீனைத் தூண்டில் முள்ளில் ஏற்றுவதுதான் கஷ்டம். 'டப்' என்று சத்தம் கேட்கும், தண்ணீர் தெறிக்கும், ராடை, அதாவது தூண்டில் கோலைத் தூக்கினால் வெறும் தவளை முகத்தை நோக்கிப் பறந்து வரும். கடையில் நிறத்தைப் பார்த்துத் தவளை வாங்கும்போதே இந்தக் கோளாறு ஆரம்பித்துவிடுகிறது.

உயிர்த் தவளையை முள்ளில் கோத்து விரால் பிடிப்பது நம் ஊரில் பழைய பழக்கம். உள்ளே காலியான ரப்பர் தவளையோ அமெரிக்காவில் லார்ஜ்மவுத் பாஸ் மீனுக்காகப் பெயர் பெற்றது. பாசிக்கடியில் பதுங்கியிருந்து மேலே போவதை அடிக்கும் குணம் இரண்டு மீனுக்கும் உண்டு என்பதால் அது விராலுக்கும் பொருந்திப்போனது. வாய் மட்டும் வேறு. பாஸ் தன் அகன்ற வாயைத் திறந்து இரையைத் தண்ணீரோடு உறிஞ்சி இழுக்கும். விராலின் வாய் அதைவிடக் குறுகலானது. பல்லால் கவ்விப் பிடிக்கும். எனவே பாஸுக்காகச் செய்த 65 மில்லிமீட்டர் தவளை, முக்கால் கிலோ, ஒரு கிலோ விராலுக்குப் பெரிது. 45 முதல் 55 மில்லிமீட்டர் நீளம், 8 முதல் 12 கிராம் எடை உள்ளதை வாங்குங்கள். 8 கிராமுக்குக் கீழே போனால் எதிர்காற்றில் தூரம் போகாது, அடர்ந்த பாசியை அழுத்திக்கொண்டு உட்காரவும் செய்யாது.

கடையில் பார்க்க வேண்டியது

தவளையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து லேசாக அமுக்குங்கள். உடல் உள்வாங்கி, முதுகோடு ஒட்டியிருக்கும் இரட்டை முள்ளின் இரண்டு நுனியும் வெளியே துருத்த வேண்டும். பலம் கொடுத்து அமுக்கினால்தான் முள் தெரிகிறது என்றால் அது பாசியில் அழகாக நழுவிப் போகும். மீன் மட்டும் மாட்டாது. விலை குறைந்த தவளைகளில் அதிகம் பார்க்கும் குறை இது. அடுத்து முள்ளின் தண்டைப் பாருங்கள். மெல்லிய கம்பி என்றால் பெரிய மீன் நிமிர்த்திவிடும். எடை வால் பக்கம் இருக்கிறதா என்பதும் முக்கியம். வால் கனமாக இருந்தால் வீச்சு நேராகப் போகும். தண்ணீரில் தவளை மூக்கை மேலே தூக்கி, முள்நுனி வானத்தைப் பார்த்தபடி மிதக்கும்.

நிறத்தைப் பற்றி நிறையப் பேச்சு உண்டு. அடியிலிருந்து பார்க்கும் மீனுக்குத் தெரிவது தவளையின் வயிறும் அதன் நிழலுருவமும்தான். வெளிச்சம் குறைவாக இருந்தாலோ தண்ணீர் கலங்கியிருந்தாலோ கறுப்பு. தெளிந்த தண்ணீரில் வெள்ளை அல்லது மஞ்சள் வயிறு. இரண்டு நிறம் போதும். முதுகில் தீட்டிய புள்ளியும் கோடும் வாங்குகிற நமக்காக.

தாய்லாந்துப் பாணி 'ஜம்ப் ஃப்ராக்' தனி ரகம். அடியில் சுழலும் தகடு இருக்கும், சீராகச் சுற்றி இழுக்க வேண்டும். திறந்த தண்ணீரிலும் பாசி மேலாகப் படர்ந்த இடத்திலும் நன்றாக வேலை செய்யும். ஆகாயத்தாமரைக்குள் போட்டால் தகட்டில் வேர் சுற்றிக்கொண்டு அதோடு முடிந்தது.

வீசுமுன் செய்யும் திருத்தம்

புதுத் தவளையை அப்படியே வீசாதீர்கள். குறடால் இரண்டு முள்நுனியையும் வெளிப்பக்கமாக ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மட்டும் விரியுங்கள். அதற்கு மேல் விரித்தால் இலைக்கு இலை சிக்கும். நுனியை நகத்தில் வைத்து இழுத்துப் பாருங்கள். வழுக்கினால் அரம் போட வேண்டும். உடல் விறைப்பாக இருந்தால் சில நிமிடம் வெந்நீரில் போட்டெடுத்துப் பிசைந்தால் இளகும். கொதிக்கிற நீர் வேண்டாம், வடிவம் கோணிவிடும்.

முள் தண்டு உடலுக்குள் நுழையும் துளை வழியாகத்தான் தண்ணீர் புகும். மூக்குப் பக்கம் தண்டைச் சுற்றி ஒரு சொட்டு பசை வைத்தால் பெரும்பாலும் நின்றுவிடும். பின் துளையை அடைக்க வேண்டாம். உள்ளே புகுந்த தண்ணீரையும் காற்றையும் பிதுக்கி வெளியேற்ற அது தேவை; அடைத்தால் மீன் கவ்வும்போது உடல் அமுங்காது. ரப்பர் நூல் கால்கள் நீளமாக இருந்தால் விரால் அதை மட்டும் கடித்து இழுத்துவிட்டுப் போகும். உடலின் நீளத்துக்கு மேல் இல்லாமல் வெட்டிவிடுங்கள். ஒரு காலை மற்றதைவிடக் கொஞ்சம் குட்டையாக வெட்டினால் தவளை இடமும் வலமுமாகத் திரும்புவது எளிதாகும்.

ராடும் நரம்பும்

ஆறரை முதல் ஏழடி ராட், மீடியம் ஹெவி, அதாவது நடுத்தரத்தைவிடச் சற்று விறைப்பானது. நுனி வேகமாக நிமிர வேண்டும், அடிப்பகுதி வளையக் கூடாது. ஸ்பின்னிங் ரீல் என்றால் 3000 அல்லது 4000 அளவு. நரம்புக்கு பிரெய்ட்தான், அதாவது மெல்லிய இழைகளைப் பின்னிச் செய்த நரம்பு. திறந்த குளத்துக்கு 30 பவுண்டு இழுவை தாங்குவது, தாமரையும் ஆகாயத்தாமரையும் அடர்ந்த ஏரிக்கு 50 பவுண்டு. சாதா நைலான் நரம்பு இழுத்தால் நீளும். இருபது மீட்டருக்கு அப்பால் இருக்கும் மீனின் எலும்புள்ள மேல்வாயில் முள்ளை ஏற்ற அதனால் முடியாது. பிரெய்ட் நீளாது, மிதக்கும், தண்டுகளை அறுத்துக்கொண்டும் வரும். ஆனால் ரீலில் நரம்பு சுற்றும் உருளையான ஸ்பூலில் நேரடியாகச் சுற்றினால் வழுக்கிச் சுழலும். அடியில் சில சுற்று நைலான் போட்டுவிட்டு அதன் மேல் கட்டுங்கள். பாசியில் லீடர் (நரம்பின் நுனியில் இணைக்கும் தனித் துண்டு) தேவையில்லை, இணைக்கும் முடிச்சில் குப்பை சேரும். நரம்பை இரட்டையாக மடித்துப் போடும் பாலோமர் முடிச்சால் நேரே தவளையில் கட்டி, இறுக்குமுன் எச்சிலால் நனையுங்கள். மீன் இழுத்தால் ரீல் நரம்பை விடும் அளவைக் கட்டுப்படுத்தும் டிராக்கை நன்றாக இறுக்கி வையுங்கள். நரம்பை விட்டுக்கொடுத்தால் விரால் வேருக்குள் புகுந்து சுற்றிக்கொள்ளும்.

எங்கே, எப்படி வீசுவது

விரால் காற்றைச் சுவாசிக்கும் மீன், அவ்வப்போது மேலே வந்து ஒரு வாய் காற்று எடுத்தே தீரும். கரையில் பத்து நிமிடம் சத்தமில்லாமல் நின்றாலே எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரிந்துவிடும். அது மூச்சு விட்ட இடத்திலேயே போட்டால் மிரளும். தலை போன திசையில் ஒன்றிரண்டு மீட்டர் தாண்டிப் போடுங்கள். கோரைக்கும் சம்புக்கும் இடையே உள்ள சந்து, தாமரை இலைகளுக்கு நடுவே உள்ள ஓட்டை, மதகு ஓரம் எல்லாம் நல்ல இடம். உச்சி வெயிலில் நிழல் விழும் அடர்ந்த பாசியைத் தவிர வேறெங்கும் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

குறி வைத்த ஓட்டைக்கு அப்பால் இலை மேல் விழும்படி வீசி, மெதுவாக இழுத்துத் தண்ணீருக்குள் நழுவ விடுங்கள். நேரே தண்ணீரில் 'தொப்'பென்று போட்டால் பாதி நேரம் மீன் ஓடிவிடும். ராடு நுனி கீழே இருக்கட்டும். நரம்பில் கொஞ்சம் தொய்வு வைத்து, மணிக்கட்டால் சின்னச் சின்னதாகத் தட்டுங்கள். இழுக்கக் கூடாது, தட்ட வேண்டும். தட்டிய உடனே தொய்வு திரும்ப வந்தால்தான் தவளை இருந்த இடத்திலேயே திரும்பும். ஓட்டையின் நடுவில் மூன்று, நான்கு நொடி நிறுத்துங்கள். அடி பெரும்பாலும் அந்த நிறுத்தத்திலோ அடுத்த தட்டிலோ விழும். ஒவ்வொரு வீச்சுக்கும் பிறகு முள்ளில் பாசி இருக்கிறதா என்று பாருங்கள், தண்ணீரைப் பிதுக்கி விடுங்கள்.

அடித்த பிறகு

சத்தம் கேட்டதும் ராடை வெடுக்கென்று வெட்டி இழுத்தால், இன்னும் மூடாத வாயிலிருந்து தவளையை நாமே பிடுங்குகிறோம். மீன் வாயை மூடினால்தான் உடல் அமுங்கி முள் வெளியே வரும். கவ்விக்கொண்டு கீழே திரும்பினால்தான் நுனி மேல்வாயைப் பார்க்கும். ராடு நுனியைத் தவளை பக்கம் இறக்கி, தொய்வைச் சுற்றி எடுத்து, மனதுக்குள் ஒன்று, இரண்டு எண்ணுங்கள். கையில் கனம் தெரிந்ததும் மேல்நோக்கி ஓங்கி ஒரே வெட்டு. பிறகு நிறுத்தாமல் சுற்றி, மீனின் தலையைத் தண்ணீருக்கு மேலே கொண்டுவந்து பாசி மேலேயே வழுக்கி இழுத்துவிடுங்கள். ஐந்தாறு நொடி காத்திருப்பதும் தவறு. தொண்டைக்குள் முள் இறங்கினால் விட நினைக்கும் மீன் பிழைக்காது.

கனம் தெரியவில்லையா? தவளையை எடுக்காதீர்கள். அங்கேயே விட்டு, சில நொடி கழித்து ஒரு சின்னத் தட்டு. விரால் திரும்பி வரும் மீன். இரண்டாவது முறையும் தவறினால் அதே ஓட்டையில் வேறொன்றைப் போடுங்கள். ஈயம் சேர்க்காத மென்மையான ரப்பர் மீனை 3/0 அளவு ஆஃப்செட் முள்ளில் (கழுத்தருகே வளைவுள்ள ஒற்றை முள்), நுனியை உடலுக்குள் மறைத்துக் கோத்தால் அது மெல்ல மூழ்கும். மேலே வரத் தயங்கும் மீன் இதைக் கவ்வும். மும்முள் தொங்கும் லூர்களை, அதாவது மற்ற போலி இரைகளைப் பாசியுள்ள இடத்துக்குக் கொண்டுபோகவே வேண்டாம்.

மழைக்காலத்தில் ஆரஞ்சுச் சிவப்பில் குஞ்சுக் கூட்டம் தண்ணீர் மேல் கொப்பளித்தால் அடியில் தாய் தகப்பன் காவல் இருக்கும். அங்கே எதைப் போட்டாலும் அடிக்கும், அதனாலேயே அங்கே வீசக் கூடாது. காவல் போனால் மற்ற மீன்களும் பறவைகளும் அந்தக் குஞ்சுகளை விட்டுவைக்காது. ஏரி, கண்மாய் பலவும் மீன்பிடிக் குத்தகையில் இருப்பவை, குத்தகைதாரரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். தவறிய தவளை கண்ணை நோக்கித்தான் வரும் என்பதால் கண்ணாடி கட்டாயம். முள் எடுக்கக் குறடும், வாயைப் பிடிக்கக் கிரிப்பும் வேண்டும். விராலின் பல்லுக்குள் விரலை விடாதீர்கள். பிடித்ததைக் கரைப் புல்லில் போட்டுவிட்டுத் திரும்பினால் நெளிந்து நெளிந்து தண்ணீருக்கே போய்விடும்.

வீட்டுக்கு வந்ததும் தவளைகளைப் பிதுக்கி, வால் கீழே இருக்கும்படி நிழலில் காயவைத்துப் பெட்டியில் போடுங்கள். உள்ளே தண்ணீர் நின்றால் முள் தண்டு கண்ணுக்குத் தெரியாத இடத்தில் துருப்பிடிக்கும். மென்மையான ரப்பர் மீன்களோடு ஒரே அறையில் வைக்க வேண்டாம். சில வகை ரப்பர் ஒன்றோடொன்று பட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும்.