பழம்புடவைகளைக் காக்கவும் காட்டவும் ஓராண்டுத் திட்டம்

கல்லூரியிலோ ஊர் அருங்காட்சியகத்திலோ ஐம்பது, நூறு பழைய ஆடைகள் இருந்தால் முதலில் ஆண்டை மழையை வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள். உலர்ந்த மாதங்கள் துணியைக் கையில் எடுத்துச் செய்யும் வேலைக்கு. மழை மாதங்களில் துணியைத் தொடாமல் அறையின் காற்றைக் கவனிக்க வேண்டும். குஜராத்தில் அச்சிட்ட இடைக்காலப் பருத்தித் துணிகள் எகிப்தின் ஃபுஸ்தாத்தில் துண்டு துண்டாகக் கிடைத்திருக்கின்றன. அந்த வறண்ட மண் காத்துத் தந்ததை நம் ஈரக்காற்று காத்துத் தராது. அந்த வேலையை நாம்தான் செய்ய வேண்டும்.

தமிழ்நாட்டில் ஜனவரி முதல் மார்ச் வரை பதிவையும் சோதனையையும் முடித்துவிடுங்கள். கஞ்சி போக அலசிய வெள்ளைப் பருத்தித் துணியை மேசைமேல் விரியுங்கள். மோதிரம், வளையல், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். வியர்வை உப்பு பட்டால் சரிகை கறுக்கும் என்பதால் நைட்ரைல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பருத்திக் கையுறை வேண்டாம், பிரிந்து நிற்கும் சரிகை இழை அதில் மாட்டி இழுபடும். பதிவு எண்ணைத் துவைத்த பருத்தி நாடாவில் எழுதி, சரிகை இல்லாத ஓரத்தில் இரண்டே தையலில் பிடியுங்கள். ஸ்டிக்கரின் பசை நாளடைவில் இழைக்குள் இறங்கிக் கறையாகும். ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்தால் துணியில் ஓட்டையே விழும்.

சோதிக்கும்போது மூன்று இடங்களை விடாமல் பாருங்கள். காஞ்சிபுரம் புடவையில் உடலும் கரையும் சேரும் கோர்வை ஒன்று. கனமான கரையின் இழுப்பு முழுவதும் அங்கேதான் விழும். இரண்டாவது, மடிப்புக் கோடு. சரிகை என்பது பட்டு இழைமேல் சுற்றிய மெல்லிய உலோகத் தகடு. ஒரே இடத்தில் பல ஆண்டு மடிந்திருந்தால் அந்தத் தகடு விரிசல் விட்டு, அருகிலுள்ள பட்டையும் அறுக்கும். மூன்றாவது, கலம்காரியின் கருப்புக் கோடு. இரும்பும் வெல்லமும் ஊறவைத்து எடுக்கும் அந்தக் கருப்பு துணியை மெல்ல அரிக்கும். சுற்றியுள்ள சிவப்பு நன்றாக இருக்க, கோடு மட்டும் பொடிந்து போயிருப்பது அதனால்தான். அந்த இடத்தைத் தூரிகையால்கூடத் தொடாதீர்கள்.

கறுத்த சரிகையைப் புளி போட்டுத் தேய்க்கவே கூடாது. கறுப்போடு மேல்பூச்சுத் தங்கமும் போய்விடும். துவைப்பதும் டிரை கிளீனிங்கும் வேண்டாம். துணிமேல் நைலான் வலை வைத்து, வேக்குவம் கிளீனரை மிகக் குறைந்த இழுப்பில் ஓட்டித் தூசியை மட்டும் எடுங்கள். அதற்கு மேல் தேவைப்பட்டால் பழந்துணியைச் சீராக்கிக் காப்பதில் பயிற்சி பெற்றவரிடம் கொடுங்கள்.

புதிதாக வரும் எந்த ஆடையையும் நேரே அலமாரியில் வைக்காதீர்கள். பட்டையும் கம்பளியையும் வண்டுப் புழு தின்னும், கஞ்சி போட்ட பருத்தியை ராமபாணப் பூச்சி அரிக்கும். துணியைப் பாலித்தீன் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி, வாயை ஒட்டி, உறைபெட்டியில் வையுங்கள்: மைனஸ் 30 டிகிரி செல்சியஸ் என்றால் 3 நாள், மைனஸ் 18 என்றால் 2 வாரம். வெளியே எடுத்த பிறகு 24 மணி நேரம் பையைத் திறக்காதீர்கள். அவசரப்பட்டுத் திறந்தால் குளிர்ந்த துணிமேலேயே நீர் கோத்துக்கொள்ளும். கண்ணாடிச் சில்லு, மணி வேலை உள்ள ஆடைகளுக்கு இந்த முறை வேண்டாம். நாப்தலீன் உருண்டையும் வேண்டாம். அதன் ஆவி சில வகைப் பிளாஸ்டிக் ஜிகினாவை இளக்கிவிடும், அறையில் வேலை செய்பவர்களுக்கும் கெடுதல்.

புடவையை மடிப்பதைவிடச் சுருட்டுவது நல்லது. 120 சென்டிமீட்டர் அகலப் புடவைக்கு 150 சென்டிமீட்டர் நீளமும் குறைந்தது 10 சென்டிமீட்டர் விட்டமும் உள்ள அட்டைக் குழாய் எடுங்கள். அட்டையில் அமிலம் உண்டு, ஆகவே முதலில் பாலியஸ்டர் படலம், அதன்மேல் கஞ்சி போக வேகவைத்து அலசிய மல் துணி. பிவிசி குழாய் அமில ஆவி விடும், மலிவு என்று வாங்காதீர்கள். பாவு நூலின் போக்கில், சரிகையின் முகம் வெளிப்பக்கம் இருக்க, இடையிடையே மல் துணி வைத்துச் சுருட்டுங்கள். 3 சென்டிமீட்டர் அகல நாடாவால் இறுக்காமல் கட்டி, குழாய்க்குள் கம்பி செருகித் தொங்கவிட்டால் துணியின் எடை அதன்மேலேயே விழாது. இடம் இல்லாமல் மடித்தே ஆகவேண்டும் என்றால், மடிப்புக்குள் மல் துணியை உருட்டி வைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை இடம் மாற்றுங்கள்.

கண்காட்சியில் பழைய புடவையைப் பொம்மைக்குக் கொசுவம் வைத்துக் கட்டிப் பின் குத்தும் ஆசை எல்லோருக்கும் வரும். அது தவறு. கட்டும் முறையைக் காட்ட அதே ரகத்தில் புதுப்புடவை ஒன்றைக் கட்டிவிடுங்கள். பழையதை 15 டிகிரி சாய்த்த பலகையில், முந்தானையும் கரையும் தெரிய விரித்து, மிச்சத்தைப் பின்னால் குழாயில் சுருட்டி வையுங்கள். தைத்த ஆடை என்றால் பொம்மையைச் சட்டையைவிடச் சிறியதாக எடுத்து, பாலியஸ்டர் பஞ்சு சுற்றி அளவுக்குக் கொண்டு வாருங்கள். பொம்மையை அறுக்கலாம், ஆடையில் ஒரு தையலும் பிரிக்கக் கூடாது.

துணிமேல் விழும் வெளிச்சம் 50 லக்ஸை (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) தாண்டக் கூடாது. ஒரு நாளைக்கு 8 மணி நேரம், 90 நாள் என்றால் 36,000 லக்ஸ் மணி. உச்சி வெயில் ஏறக்குறைய 1,00,000 லக்ஸ். ஒரே மணி நேரம் வெயிலில் காயப்போட்டால் இதுபோன்ற மூன்று கண்காட்சிக்கு நெருங்கிய வெளிச்சம் துணிமேல் விழுந்துவிடும். மஞ்சள் சாயம்தான் முதலில் வெளுக்கும், நீலம் தரும் அவுரி நின்று தாங்கும். மஞ்சளும் அவுரியும் கலந்த பச்சை நீலமாக மாறியிருந்தால் காரணம் இதுதான்.

மழைக்காலத்தில் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும். 50 முதல் 55 வரை வைத்திருக்கப் பாருங்கள். அதைவிட முக்கியம், ஏறி இறங்காமல் இருப்பது. ஏசியைப் பகலில் ஓட்டி இரவில் நிறுத்துவது, ஏசியே இல்லாததைவிடக் கெடுதலாக முடியலாம். அளவு காட்டும் கருவியை மழைக்கு முன் சோதியுங்கள்: சமையல் உப்பைக் கொஞ்சம் தண்ணீர்விட்டுக் கூழாக்கி, கருவியோடு ஒரு டப்பாவில் அடைத்து, 8 மணி நேரம் கழித்துப் பார்த்தால் 75 காட்ட வேண்டும். அலமாரி வெளிச்சுவரிலிருந்து 10, தரையிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளியிருக்கட்டும்.

கண்காட்சி முடிந்து இறக்கும் அன்றே, அந்தப் புடவையின் பதிவு அட்டையில் தேதியையும் அது பெற்ற லக்ஸ் மணியையும் எழுதிவிடுங்கள். அடுத்த முறை அதே புடவையைக் கேட்டு யார் வந்தாலும், அந்த எண்ணைப் பார்த்த பிறகே பதில் சொல்லுங்கள்.