கடந்த தொலைவையும் இடப்பெயர்ச்சியையும் பிரித்தறிந்து கணக்கிடும் முறை

கணக்கைப் படித்தவுடன் சூத்திரத்தைத் தேடாமல், பொருள் சென்ற பாதையைத் தாளில் வரைந்து, தொடக்கப் புள்ளியையும் முடிவுப் புள்ளியையும் முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். பாதையின் ஒவ்வொரு பகுதியின் நீளத்தையும், திசை எதுவாயினும், கூட்டினால் கிடைப்பது கடந்த தொலைவு. இது ஸ்கேலார் அளவு, அதாவது திசையற்ற அளவு; நீளங்கள் கூட்டப்பட்டுக்கொண்டே வருவதால் இது ஒருபோதும் குறையாது.

இடப்பெயர்ச்சிக்குப் பாதை தேவையில்லை. தொடக்கத்திலிருந்து முடிவுக்கு ஒரு நேர்கோட்டு அம்புக்குறி வரைந்து, அதன் நீளத்தையும் திசையையும் கூற வேண்டும். கிழக்கே 30 மீட்டரும் பின்னர் வடக்கே 40 மீட்டரும் நடந்தவர் கடந்த தொலைவு 70 மீட்டர். பிதாகரஸ் தேற்றத்தின்படி அவரது இடப்பெயர்ச்சியோ 50 மீட்டர், கிழக்கிலிருந்து வடக்கு நோக்கி ஏறத்தாழ 53 பாகை. திசையை எழுதாமல் விடுவதே மாணவர்கள் பெரும்பாலும் செய்யும் பிழை; இடப்பெயர்ச்சி வெக்டர் அளவு, அதாவது எண்மதிப்பும் திசையும் உடைய அளவு என்பதால், திசையின்றி விடை முழுமையாகாது.

வட்டப் பாதையில்தான் பலர் தடுமாறுகின்றனர். 7 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் அரைச்சுற்று ஓடினால் தொலைவு ஏறத்தாழ 22 மீட்டர். இடப்பெயர்ச்சி விட்டத்தின் அளவான 14 மீட்டர். முழுச்சுற்று முடிந்ததும் தொலைவு 44 மீட்டராக உயர்ந்திருக்க, இடப்பெயர்ச்சி சுழியாகிவிடும் (ஓடியவரின் களைப்பை அது கணக்கில் கொள்வதில்லை).

விடையைச் சரிபார்க்க ஓர் எளிய வழி உண்டு: இடப்பெயர்ச்சியின் எண்மதிப்பு தொலைவைவிட மிகுதியாக வந்தால், கணக்கில் எங்கோ தவறு நேர்ந்திருக்கிறது. திரும்பாமல் ஒரே நேர்கோட்டில் சென்றால் மட்டுமே இரண்டும் சமமாகும்.