பழைய கீசரை முழுசாக எடைக்குப் போடாதீர்கள்

ஓட்டை விழுந்த மின்சாரக் கீசரை அப்படியே காயலான் கடையில் கொடுத்தால், பெரும்பாலும் இரும்பு விலைதான் போடுவார்கள். உள்ளே இருக்கும் செம்புக்கும் பித்தளைக்கும் உரிய பணம் நமக்கு வராது. பொறுமையாகப் பிரித்துக் கொடுங்கள்.

முதலில் மின்சாரம். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, மின்பெட்டியில் இருக்கும் எம்.சி.பி. பிரேக்கரையும் இறக்கிவிட்டு, டெஸ்டர் வைத்துப் பாருங்கள். தண்ணீர் ஆறியதும் வரத்து வால்வை மூடி, வெந்நீர்க் குழாயைத் திறந்துவைத்து, வரத்துக் குழாயைக் கழற்றினால் தொட்டி வடிந்துவிடும். 25 லிட்டர் கீசரில் தண்ணீரே 25 கிலோ இருக்கும். வடிக்காமல் சுவரிலிருந்து இறக்கவே கூடாது.

அடிமூடியைத் திறந்து ஒயர்களை வெட்டி எடுங்கள். மேலுறையைக் கத்தியால் சீவுங்கள், எரிக்க வேண்டாம். பிவிசி புகை நஞ்சு, கருகிய செம்புக்கு விலையும் குறையும்.

அடுத்து ஹீட்டிங் காயில். போல்ட்டுகள் துருப்பிடித்து இறுகியிருக்கும். துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். காயிலில் ஏறியிருக்கும் வெள்ளை உப்பைத் தட்டி உதிர்த்துச் சுரண்டினால், சிவப்பாகத் தெரிவது செம்பு. கூடவே அரித்துப்போன ஒரு தண்டு இருக்கும். அது மக்னீசியம். அதை அறுக்காதீர்கள், தூள் சட்டென்று தீப்பிடிக்கும், தண்ணீர் ஊற்றினால் இன்னும் மூர்க்கமாக எரியும்.

வெளிக்கூட்டைக் கழற்றியதும் தொட்டியைச் சுற்றி ஃபோம் இருக்கும். கையால் பிய்த்து எடுங்கள். கேஸ் கட்டரோ கிரைண்டரோ பக்கத்தில் வரக் கூடாது. ஃபோம் எரிந்தால் ஹைட்ரஜன் சயனைடு என்ற நச்சு வாயு வெளிவரும். பழைய மாடலில் கண்ணாடி நாரிழை இருந்தால், தண்ணீர் தெளித்து, முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு எடுங்கள்.

இனி காந்தம். தொட்டியில் ஒட்டினால் பெரும்பாலும் உட்பூச்சு போட்ட இரும்பு. தட்டும்போது பூச்சு சில்லுகளாகத் தெறிக்கும், கண்ணாடி அணியுங்கள். ஒட்டாவிட்டால் உடனே எவர்சில்வர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பழைய செம்புத் தொட்டிகளுக்கு வெள்ளீயம் பூசியிருப்பார்கள். பார்த்தால் வெள்ளையாகத்தான் இருக்கும். அரத்தால் ஒரு இழுப்பு இழுங்கள். கீறல் சிவந்தால், கையில் இருப்பது இரும்பைவிடப் பல மடங்கு விலை போகும் சரக்கு.

பித்தளை வால்வுகளிலிருந்து இரும்பு ஸ்பிரிங்கையும் ஸ்குரூவையும் நீக்கிவிடுங்கள். கலப்படமாக இருந்தால் கடைக்காரர் விலையைக் குறைப்பார். வகைவகையாகச் சாக்கில் கட்டி, வீட்டிலேயே எடை பார்த்துக் குறித்துக்கொண்டு, இரண்டு கடைகளில் அன்றைய விலை கேட்டபிறகு கொண்டுபோங்கள்.