டேஞ்சரஸ் வாட்டர்ஸ்: இழுவை சோனாரில் நிஜம் எது, நிழல் எது?

டேஞ்சரஸ் வாட்டர்ஸ் என்ற இந்தக் கடற்போர் கேமை ஆடத் தொடங்கிய முதல் வாரம், நான் விட்ட டார்பிடோக்களில் பாதி ஆளே இல்லாத கடலுக்குத்தான் போயின. இழுவை சோனார் (நீர்மூழ்கி தன் பின்னால் வால் போல இழுத்துப் போகும், கடலுக்குள் சத்தம் கேட்கும் கருவி) ஒரே சத்தத்துக்கு இரண்டு திசை காட்டும் என்பதே எனக்குத் தெரியாது. சோனலிஸ்ட்ஸ் உருவாக்கி 2005இல் வெளிவந்த பழைய கேம்தான், ஆனால் இதைக் கற்றுக்கொள்ள இன்றைக்கும் நல்ல இடம். அமெரிக்காவின் 688ஐ நீர்மூழ்கியை எடுத்துக்கொள்ளுங்கள்.

மூக்கிலேயே சோனார் இருக்க, பின்னால் வால் எதற்கு? கடலில் சத்தம் நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடும். 50 ஹெர்ட்ஸ் முனகல் என்றால் ஓர் அலையே 30 மீட்டர் நீளம். மூக்கில் இருக்கும் சின்ன உருண்டை அதைப் பிடிக்கத் திணறும், நீள வால் பிடித்துவிடும். நம் இஞ்சின் இரைச்சலிலிருந்தும் அது தள்ளி நிற்கும்.

1. வாலை விடுங்கள். 688ஐ-யில் இரண்டு உண்டு. டிபி-16 தடிமன், டிபி-23 மெல்லிசு, நீளம் அதிகம். தூரத்து மெல்லிய சத்தத்துக்கு டிபி-23.

2. வேகத்தைக் குறையுங்கள். ஐந்தாறு நாட் (மணிக்கு ஐந்தாறு கடல் மைல்) போதும். வேகம் கூடினால் தண்ணீர் உரசும் இரைச்சலே காதை அடைக்கும். ரொம்பக் குறைந்தால் வால் கீழே தொங்கும். ஆழம் குறைந்த இடத்தில் தரை தட்டும், ஜாக்கிரதை.

3. நேரோபேண்ட் திரையை (சத்தத்தை அதிர்வெண் வாரியாகப் பிரித்துக் கோடுகளாகக் காட்டுவது) பாருங்கள். ரஷ்யக் கப்பல்களின் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அமெரிக்காவுடையது 60. திரையில் 50இல் ஒரு கோடு நின்றால் நிமிர்ந்து உட்காருங்கள்.

4. திரும்புங்கள். விஷயமே இங்கேதான். வால் ஒரு நேர்க்கோடு. சத்தம் எந்தக் கோணத்தில் வருகிறது என்று சொல்லும், வலமா இடமா என்று அதற்குத் தெரியாது. நீங்கள் நேர் வடக்கே (000) போகிறீர்கள், திரையில் 060, 300 என்று இரண்டு பேரிங் (வடக்கிலிருந்து வலமாக அளக்கும் திசைக் கோணம்) தெரிகிறது என்று வையுங்கள். இடப்பக்கம் 30 டிகிரி திரும்பி 330இல் போங்கள். இப்போது 060, 240 என்று காட்டினால் எதிரி 060இல் இருக்கிறான். 300, 000 என்று காட்டினால் 300இல். நிஜம் ஏறக்குறைய அசையாமல் நிற்கும், நிழல் தாவும். எதிரியும் நகர்வதால் ஒன்றிரண்டு டிகிரி மாறலாம், கவலை வேண்டாம்.

5. காத்திருங்கள். திரும்பியதும் வால் வளைந்து கிடக்கும், அப்போது வரும் பேரிங் எல்லாம் குப்பை. அது நேராகச் சில நிமிடம் ஆகும். நான் பொறுமை இல்லாமல் சொதப்பியதெல்லாம் இந்த இடத்தில்தான். நேரத்தை வேகமாக ஓட்டும் வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

இன்னொன்று: வாலுக்கு நேர் முன்னும் நேர் பின்னும் காது மந்தம், பக்கவாட்டில்தான் கூர்மை. மேலே இடப்பக்கம் திரும்பச் சொன்னது அதனால்தான். எதிரி 060இல் இருந்தால் சரியாக 90 டிகிரிக்கு வந்துவிடுவான். வலப்பக்கம் 30 திரும்பியிருந்தால் அதே ஆள் மூக்குப் பக்கம் ஒதுங்கியிருப்பான்.

திரும்பியதில் இன்னொரு லாபமும் உண்டு. பேரிங்கை மட்டும் வைத்து தூரம் கணக்கிட நம் பாதை மாறியிருக்க வேண்டும். இரண்டு பாதையிலும் எடுத்த பேரிங்குகள் இப்போது கையில் இருக்கின்றன, டிஎம்ஏ திரைக்கு (பேரிங்குகளை வைத்து எதிரியின் தூரம், பாதை, வேகம் கணக்கிடும் இடம்) போய் கோடுகளைப் பொருத்தத் தொடங்கலாம்.