வெண்டைக்கா கொழகொழப்பை விரட்டாதீங்க: கொடைக்கானல் குளிருக்கு ஒரு பூண்டு புளிக்குழம்பு, ஸ்டெப் பை ஸ்டெப்பா

கொடைக்கானல்ல குளிர் ஆரம்பிச்சா நிறைய பேர் வெளில சொல்லாம வச்சிருக்கிற பிரச்சனை மலச்சிக்கல் தாங்க. தாகமே எடுக்காது, தண்ணி குடிக்கணும்னே தோணாது, காலைலேர்ந்து டீயிலயே ஓட்டிடுவோம், அப்புறம் வயிறு கல்லு மாதிரி இருக்குன்னு மெடிக்கல் ஷாப்ல போய் நிப்போம். அதுக்கு முன்னாடி வெண்டைக்காயை கொஞ்சம் ஒழுங்கா சமைச்சு சாப்பிட்டுப் பாருங்க. சமையல் புதுசா கத்துக்கிறவங்களும் பண்ற மாதிரி தான் சொல்றேன்.

முதல்ல அந்த கொழகொழப்பு என்னன்னு பார்த்துடலாம், ஏன்னா எல்லாரும் அதைத்தான் வெறுக்கிறாங்க. அது தண்ணில கரையிற நார்ச்சத்து. குடலுக்குள்ள போனதும் தண்ணியை இழுத்து ஜெல் ஆகி மலத்தை இளக்குது, சாப்பாட்டுல இருக்கிற சர்க்கரை ரத்தத்துல சட்டுனு ஏறாம கொஞ்சம் மெதுவாக்குது, கடைசியா பெருங்குடல்ல இருக்கிற நல்ல பாக்டீரியாவுக்கு தீனியா போகுது. தோலும் விதையும் வேற வகை, அது கரையாத நார், மலத்துக்கு கனம் குடுக்கிறது அதுதான். 100 கிராம் பச்சை வெண்டைக்காயில நார்ச்சத்து 3 கிராமுக்கு கொஞ்சம் மேல, கலோரி வெறும் 33, வைட்டமின் சி 23 மில்லிகிராம், கால்சியம் 80 சொச்சம், கர்ப்பமா இருக்கிறவங்களுக்கு ரொம்ப தேவையான ஃபோலேட் 60 மைக்ரோகிராம். சாப்பிட்டா கணக்கு வரும்னு வீட்ல சொல்றதுக்கு மட்டும் நான் கேரண்டி இல்ல.

ஸ்டெப் 1, காய் வாங்குறது. பூம்பாறை, மன்னவனூர் பக்கம் பூண்டு, கேரட், உருளை எல்லாம் ஜம்முனு வரும், வெண்டைக்கா வராது, அதுக்கு வெயில் வேணும். நமக்கு ஒட்டன்சத்திரம், வத்தலக்குண்டு பக்கத்துலேர்ந்து வண்டில ஏறி வர்ற காய் தான், அதனால சந்தைல கொஞ்சம் பார்த்து பொறுக்குங்க. நுனியை ஒடிச்சா டக்குனு உடையணும், வளைஞ்சு குடுத்தா முத்தல். கடைக்காரர் முறைப்பாரு, ரெண்டு காய் ஒடிச்சா போதும், எல்லாத்தையும் ஒடிக்காதீங்க.

வாங்கினதை ஃப்ரிட்ஜ்ல அடியில தள்ளி வைக்காதீங்க. 7 டிகிரிக்கு கீழ போனா வெண்டைக்கா தாங்காது, கருப்பு கருப்பா புள்ளி விழுந்து வழவழன்னு ஆயிடும். டிசம்பர், ஜனவரில நம்ம கிச்சனே ஃப்ரிட்ஜ் தானே, பேப்பர்ல சுத்தி வெளில வச்சு ரெண்டு நாள்ல முடிச்சிடுங்க.

ஸ்டெப் 2, கழுவுறது. முழுக்காயா கழுவிட்டு, துணியால ஒவ்வொன்னா துடைச்சு, அப்புறம் தான் வெட்டணும். கீழ மதுரைல தட்டுல பரப்பி வச்சா தானா காஞ்சிடும், இங்க பனிமூட்டத்துல சாயங்காலம் வரைக்கும் ஈரமாவே கிடக்கும், அதனால துணி தான் வழி. வெட்டினப்புறம் கழுவினீங்கன்னா கொழகொழப்போட சேர்ந்து வைட்டமின் சியும் சிங்க்ல போயிடும். விரல் நீளத்துக்கு பெருசா வெட்டுங்க.

ஸ்டெப் 3, வதக்குறது. இது தான் முக்கியம், அவசரப்படாதீங்க. கால் கிலோ காய்க்கு ரெண்டு ஸ்பூன் நல்லெண்ணெய், அகலமான சட்டி, மூடி போடாதீங்க, உப்பும் இப்ப வேணாம். மீடியம் தீயில பத்து நிமிஷம் கிட்ட விட்டுட்டு அப்பப்ப மட்டும் கிளறுங்க. முதல்ல நூல் நூலா இழுக்கும், பயப்படாதீங்க, கொஞ்ச நேரத்துல அந்த நூல் எல்லாம் அடங்கி ஓரம் லேசா பொன்னிறமாகும், அங்க நிறுத்திடணும். மொறுமொறுன்னு வறுத்தா டேஸ்ட்டு தான், ஆனா எண்ணெய் தான் உள்ள போகும். இரும்புச்சட்டில பண்ணா காய் கறுத்துடும், சாப்பிடலாம், பார்க்க தான் நல்லா இருக்காது.

இந்த வதக்கலை இங்க விடவே கூடாது. 2,100 மீட்டர் உயரத்துல தண்ணி கிட்டத்தட்ட 93 டிகிரிலயே கொதிச்சிடும், அதுக்கு மேல சூடு ஏறாது, கூடவே புளி சேர்ந்தா காய் இன்னும் லேசுல வேகாது. பச்சையா குழம்புல போட்டீங்கன்னா அரை மணி நேரம் கழிச்சும் நறுக்கு நறுக்குன்னு தான் இருக்கும்.

ஸ்டெப் 4, குழம்பு. அதே சட்டில இன்னும் ஒரு ஸ்பூன் எண்ணெய், கடுகு, வெந்தயம், கறிவேப்பிலை, ஒரு கை சின்ன வெங்காயம், மலைப்பூண்டு ஏழெட்டு பல்லு. புவிசார் குறியீடு வாங்கின பூண்டு நம்ம ஊர்லயே கிடைக்குது, வேற எதுக்கு போகணும். வதங்கினதும் தக்காளி ஒன்னு, மஞ்சள்தூள், குழம்பு மிளகாத்தூள் ரெண்டு ஸ்பூன், சின்ன எலுமிச்சை அளவு புளி கரைச்ச தண்ணி, உப்பு. பச்சை வாசனை போய் எண்ணெய் மேல மிதக்குறப்ப வதக்கின காயைப் போட்டு அஞ்சு நிமிஷம், அவ்வளவு தான். புளிப்பு சேர்ந்ததும் பிசுபிசுப்பு வாய்ல தெரியாது, ஆனா நார்ச்சத்து குழம்புலயே தான் இருக்கும், அதனால குழம்பையும் ஊத்தி சாப்பிடுங்க, காயை மட்டும் பொறுக்கக் கூடாது.

எவ்வளவு சாப்பிடலாம்னா, நார்ச்சத்தே பழக்கமில்லாத வயிறுன்னா முதல் வாரம் அரைக் கப் போதும், வாரத்துல ரெண்டு மூணு தடவை. ஒரேயடியா ஏத்தினா வாயு புடிச்சுக்கும். கூட சுடுதண்ணி குடிச்சே ஆகணும், ஏன்னா நார் மட்டும் போய் தண்ணி போகலைன்னா மலச்சிக்கல் இன்னும் மோசமாகும்.

கிட்னி கல்லு வந்தவங்க டாக்டர்கிட்ட கேட்டுக்கங்க, வெண்டைக்காயில ஆக்சலேட் இருக்கு. வைட்டமின் கே-யும் இருக்கிறதால ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் போடுறவங்க திடீர்னு அதிகமாக்கக் கூடாது. அப்புறம் ராத்திரி வெண்டைக்காயை ஊற வச்ச தண்ணியைக் குடிச்சா சுகர் போயிடும்னு வாட்ஸ்அப்ல சுத்துதே, அதை நம்பி மாத்திரையை நிறுத்திடாதீங்க. ஊறின தண்ணியைக் குடிச்சிட்டு காயைத் தூக்கிப் போடுறதுல எனக்கு ஒரு லாபமும் தெரியல, அந்தக் காய்க்கும் காசு குடுத்து தானே வாங்கினோம்.