வெள்ளி பெசல்ல கல்லு பதிக்கறது: முதல் பெண்டன்ட் செய்யப் போறவங்களுக்கு

கல்லு பதிக்க கத்துக்கணும்னு வர்றவங்க மொதல்ல கேக்கறது கடைசில கல்ல எப்படி அமுக்கறதுன்னுதான். நான் செஞ்சு பாத்த வரைக்கும், பட்டிய அளந்து வெட்டும்போதே கல்லு நல்லா உக்காருமா ஆடுமான்னு முக்கால்வாசி முடிவாயிடும். அதனால அளவப் பத்தி கொஞ்சம் நீட்டியே சொல்றேன், பொறுமையா படிங்க.

பெசல்னா கல்லச் சுத்தி நிக்கிற மெல்லிசான வெள்ளிப் பட்டி, அதோட மேல் விளிம்ப கல்லு மேல சாய்ச்சு அமுக்கி விடறோம், அவ்ளோதான் பிடி, பசை எதுவும் கிடையாது.

மொதல் கல்லுக்கு 10 மிமீ வட்டமான கார்னீலியன் (ஆரஞ்சு சிவப்புக் கல்லு) இல்லன்னா அகேட் வாங்குங்க, மேல குமிழா கீழ தட்டையா இருக்கற கபோஷான். கல்லோட கடினத்தச் சொல்ற மோஸ் அளவுல 6.5ல இருந்து 7 வரைக்கும் வரும், கை கொஞ்சம் தவறினாலும் தாங்கும். இந்தக் கார்னீலியன் நம்ம ஊருக்குப் புதுசு இல்ல, நொய்யல் கரைல கொடுமணல்ங்கற சங்ககால ஊர்ல தோண்டினப்ப பாதி வேலை முடிஞ்ச கார்னீலியன் மணியெல்லாம் கிடைச்சிருக்கு, அத நினைச்சுக்கிட்டே வேலை செய்யறதுல எனக்கு ஒரு சந்தோஷம். காங்கேயம் பக்கம் கிடைக்கற மூன்ஸ்டோன் மேல எல்லாருக்கும் ஆசை வரும், ஆனா அது ஃபெல்ட்ஸ்பார் வகை, ரெண்டு திசைல சுலபமா பிளந்துக்கும். நான் அவசரப்பட்டு ரெண்டாவது பீஸ்லயே மூன்ஸ்டோன் வச்சேன், பட்டி உயரமா இருந்ததால அழுத்தி மடக்கப் போயி டிக்னு ஒரு சின்ன சத்தம், உள்ள ஓடின நீல ஒளிக்கு குறுக்க ஒரு கோடு, அந்தக் கல்லு இன்னும் டப்பாக்குள்ளதான் இருக்கு. ஓப்பல், டர்க்காய்ஸ் எல்லாமும் பின்னாடி பாத்துக்கலாம்.

வாங்கும்போது கல்ல ஒரு கண்ணாடி மேல வச்சு விரலால தட்டிப் பாருங்க, ஆடினா அடிப்பக்கம் சமமா இல்லைன்னு அர்த்தம். பக்கவாட்டுல பாத்தா ஓரம் உள்நோக்கி சாயணும், செங்குத்தா சுவர் மாதிரி ஏறினா பட்டி மடங்கிப் பிடிக்க இடமே இருக்காது.

பட்டிக்கு 999 சுத்த வெள்ளி, 0.3 மிமீ கனம், 3 மிமீ உயரம் போதும். அடித்தகடு 925 வெள்ளி, 0.5 மிமீ. பட்டிக்கு ஏன் சுத்த வெள்ளின்னா அது ரொம்ப மிருதுவா இருக்கும், விரல் பலத்துக்கே வளையும், சூடு பட்டாலும் கருக்காது. 925ல செம்பு கலந்திருக்கறதால விறைப்பு அதிகம், சூடு காட்டினா கருத்தும் போகும்.

இப்ப அளவு. வட்டக் கல்லுன்னா கல்லோட விட்டத்தோட பட்டியோட கனத்தக் கூட்டி 3.14ஆல பெருக்குங்க, 10 மிமீ கல்லுக்கு 10.3 தடவை 3.14, கிட்டத்தட்ட 32.3 மிமீ வரும். கனத்தக் கூட்ட மறந்துட்டா பட்டி ஒரு மிமீ குறைஞ்சு கல்லு உள்ளயே போகாது. ஓவல் கல்லுக்கு நீளத்தையும் அகலத்தையும் கூட்டி பாதியாக்கி அதோட கனத்தச் சேத்து இதே மாதிரி பெருக்கலாம், ஆனா நான் மெல்லிசா ஒரு பேப்பர் துண்ட கல்லச் சுத்தி இழுத்துப் பிடிச்சு பிளேடால கோடு போட்டு சரிபாத்துக்குவேன். ஒரு மயிரிழை அளவு நீளமா வெட்டி அரத்தால ராவிக் கொண்டு வர்றதுதான் பத்திரம்.

வெட்டின ரெண்டு முனையையும் நேரா ராவி ஒண்ணோட ஒண்ணு முட்ட வைங்க, இந்த நேரத்துல வட்டமா இருக்கணும்னே இல்ல, கோணலா இருந்தாலும் பரவால்ல, முனை ரெண்டும் ஒட்டி நிக்கணும். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சுப் பாருங்க, நடுவுல வெளிச்சக் கீத்து தெரிஞ்சா மறுபடி ராவுங்க, பத்த வைக்கிற பொடி இடைவெளிய நிரப்பாது, ஒட்டி நிக்கற இடத்துலதான் ஓடும்.

பொடின்னா ஆசாரிங்க பத்த வைக்கிற கலவை, கடைல ஹார்டு, மீடியம், ஈஸின்னு தகடாவும் கிடைக்கும், ஹார்டு அதிக சூட்டுல உருகும், ஈஸி குறைஞ்ச சூட்டுலயே உருகும். காட்மியம் கலந்த பொடிய வாங்கவே வாங்காதீங்க, நகைக்கடைல கேடிஎம்னு கேள்விப்பட்டிருப்பீங்கல்ல அந்தக் காட்மியம்தான். அது 767 டிகிரி செல்சியஸ்லயே கொதிச்சு ஆவியாகும், வெள்ளியப் பத்த வைக்கிற சூடும் ஏறக்குறைய அதுதான், அந்தப் புகை நுரையீரலக் கெடுக்கும். எந்தப் பொடியா இருந்தாலும் ஜன்னலத் திறந்து வச்சே வேலை பாருங்க.

மூட்டுல வெங்காரம் தடவி, கடுகுல பாதி அளவு ஹார்டு துண்டு ஒண்ணு வச்சு சூடு காட்டுங்க. வெங்காரம் மொதல்ல பொங்கும், அப்புறம் கண்ணாடி மாதிரி உருகிப் படியும், அதுக்கப்புறம் கண்ண எடுக்கக் கூடாது, பொடி பளிச்சுன்னு ஒரு கோடா ஓடின அந்த நொடியே நெருப்ப எடுத்துடணும், பட்டி மெல்லிசு, இன்னும் ரெண்டு நொடி வச்சா உருண்டையா சுருண்டுடும்.

ஆறினதும் உருளைல (வளையத்த வட்டமாக்கற இரும்புத் தண்டு) விட்டு மரச்சுத்தியால தட்டி வட்டமாக்கி கல்ல அடிவழியா நுழைச்சுப் பாருங்க, லேசா உரசிக்கிட்டு போகணும், தொளதொளன்னு இருக்கக் கூடாது. கொஞ்சம் இறுக்கம்னா உருளைல வச்சு தட்டினா விரியும். பெருசாயிடுச்சுன்னா மூட்ட வெட்டி மறுபடி பத்த வைக்கறத தவிர வழியில்ல, அத சோம்பேறித்தனமா விட்டுட்டா கடைசில சுருக்கம் விழும்.

அடி விளிம்ப கண்ணாடி மேல உப்புத்தாள் விரிச்சு தேச்சு சமமாக்கி, தகடு மேல வச்சு மீடியம் துண்டுங்கள உள்பக்கமா ஓரத்துல அடுக்குங்க. நெருப்ப தகட்டுக்கு அடிலேந்து காட்டணும், மேலேந்து காட்டினா மெல்லிசான பட்டிதான் மொதல்ல உருகும். சுத்தி முழுசா வெள்ளிக் கோடு தெரியுதான்னு பாத்துட்டு ஆறவிட்டு, கருப்பு போக சூடான சிட்ரிக் ஆசிட் தண்ணில இல்லன்னா கெட்டியா கரைச்ச புளித்தண்ணில போடுங்க. எடுக்கறதுக்கு இரும்புச் சாமணம் வேண்டாம், வெள்ளி மேல செம்பு படிஞ்சு சிவந்து போயிடும், மரக்குச்சி போதும்.

மிச்சத் தகட்ட வெட்டி ராவிட்டு, மேல மாட்ற வளையத்த ஈஸி பொடில இப்பவே பத்த வச்சிடுங்க, கல்லு ஏறினதுக்கப்புறம் நெருப்பு பக்கமே போகக்கூடாது. மெருகும் இப்பவே போடணும்.

அடுத்தது உயரம். கல்லுக்கு அடில ஒரு நூலக் குறுக்க விட்டுட்டு கல்ல உள்ள வைங்க, நூல் இல்லன்னா சிக்கிக்கிட்டு வெளியவே வராது. கல்லோட ஓரம் சாய ஆரம்பிக்கற இடத்துக்கு மேல ஒரு மிமீ கிட்ட பட்டி நின்னா போதும். அதுக்கு மேல இருந்தா நூலப் பிடிச்சு கல்ல எடுத்துட்டு பட்டிய தேச்சுக் குறைங்க, கல்ல வச்சுக்கிட்டே தேக்காதீங்க.

இப்ப நூல உருவிட்டு கல்ல வச்சு, பெண்டன்ட்ட அரக்குல அசையாம பதிச்சுக்கோங்க. தள்ளுகோலால (பட்டிய அமுக்கற சின்னக் கோல்) கடிகாரத்துல 12 இருக்கற இடம், அடுத்து நேர் எதிர்ல 6, அப்புறம் 3, 9ன்னு ஒவ்வொரு இடமா சாய்ச்சு அமுக்குங்க. அப்புறம் இதுங்களுக்கு நடுவுல, மறுபடி அதுக்கும் நடுவுல. ஒரு பக்கத்துலேந்து ஆரம்பிச்சு வரிசையா சுத்தி வந்தா மிச்ச வெள்ளி எல்லாம் கடைசி இடத்துல சேந்து மடிப்பா நிக்கும், அத அப்புறம் எதாலயும் சரி பண்ண முடியாது. எல்லாப் பக்கமும் சாஞ்சதும் பளபளப்பான எஃகு பர்னிஷரால விளிம்ப அழுத்தித் தேச்சுக்கிட்டே சுத்தி வாங்க, கல்லு மேல வழுக்காம கட்டை விரல முட்டுக் குடுத்துக்கோங்க.

காதுகிட்ட வச்சு ஆட்டிப் பாருங்க, சின்ன கட கட சத்தம் வந்தாக்கூட மறுபடி 12, 6லேந்து அமுக்குங்க. ஒரு தலைமுடிய விளிம்பு மேல இழுத்துப் பாருங்க, எங்கயாவது மாட்டினா அந்த இடம் இன்னும் படியல, துணிலயும் மாட்டும். சரியாயிடுச்சுன்னா பூந்திக்கொட்டை ஊறின தண்ணில மிருதுவான பிரஷ்ஷால தேச்சு அலசி, காட்டன் துணில ஒத்தி எடுத்துடுங்க.