அம்மாவின் ஓவியம் மீண்டும் சுவரேறிய கதை

அம்மா இளம் வயதில் வரைந்த நீர்வண்ண ஓவியத்தை வரவேற்பறையின் சன்னலுக்கு எதிர்ச்சுவரில் பெருமையோடு மாட்டியிருந்தேன். சில ஆண்டுகளில் அதன் இளஞ்சிவப்பு வெளிறி, தாளின் ஓரங்கள் பழுப்பேறி, ஒரு மூலை கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளத் தொடங்கியிருந்ததைக் கண்டபோதுதான் தவறு முழுவதும் என்னுடையது என்பது புரிந்தது.

வெளிச்சத்தால் வெளிறிய நிறம் திரும்பாது. அருங்காட்சியகங்கள் நீர்வண்ண ஓவியங்களுக்கு ஏறத்தாழ 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுள்ள மங்கலான ஒளியையே அனுமதிப்பது இதனால்தான். எனவே முதலில் ஓவியத்தை 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) தெளிவில் ஸ்கேன் செய்து, அதன் நகலைச் சன்னல் எதிரிலேயே மாட்டினேன். மூலத்தை வெயில் படாத உள்நடைச் சுவருக்கு மாற்றினேன்.

பழுப்புக்குக் காரணம் சட்டத்தின் பின்னால் இருந்த, அமிலம் கலந்த மலிவான அட்டை. அதை நீக்கி அமிலமற்ற அட்டையை வைத்தேன். தாள் கண்ணாடியைத் தொடாதபடி முன்புறம் சாளரம் வெட்டிய தடித்த அட்டை ஒன்றையும் சேர்த்தேன். செலோடேப்பைத் தொடவேயில்லை, ஈரப்பதத்திற்கேற்பத் தாள் விரிந்து சுருங்க இடம் வேண்டும் என்பதால், மேல்விளிம்பை மட்டும் மெல்லிய தாள்கீற்றுகளாலும் மாவுப்பசையாலும் பிணைத்தேன். ஒட்டியிருந்த மூலையை நானே பிரிக்கத் துணியாமல் ஓவியப் பாதுகாப்பாளரிடம் ஒப்படைத்தது, இதில் நான் எடுத்த ஒரே புத்திசாலித்தனமான முடிவு.

ஓவியத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 150 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. மகளின் கிரேயான் படம் இப்போது அதன் பக்கத்தில், சற்றே சாய்வாக. அதை நேராக்க அவள் விடுவதில்லை.